ஓடுதக்கை

“நீ செபம் சொல்றியா, மீன் பிடிக்கிறியா?” என்று கிள்ளான் ரோசலினம்மாள் ஒருமுறை டொரத்தியைக் கேட்டாள்.

கேட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த குளக்கரை. அப்போது டொரத்தியின் கையில் தூண்டிலும் உதட்டில் ‘மரியே வாழ்க’வும் இருந்தன. இரண்டும்தான் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் டொரத்தி கேட்டவுடன் பதில் சொல்லுகிற பெண் இல்லை. ஐந்தாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் துரை வந்த அன்று, எழுந்து பாட்டை ஒப்பிக்கச் சொன்னார்கள். எழுந்தாள். வாயைத் திறந்தாள். துரை போய், மணி அடித்து, பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புகிறவரை வாய் திறந்தபடியே இருந்தது. மறுநாள் முதல் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. “பேரெழுத வருதுல்ல, போதும்” என்றார் அப்பா வாலண்டைன். அவர் ரயில்வேயில் சிக்னல் கம்பிகளைப் பார்த்துக்கொள்கிறவர். கம்பியும் பேசுவதில்லை, வேலை மட்டும் நடக்கிறது என்பது அவர் கட்சி.

பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் குளத்துக்குப் போனாள். குளம் என்றால் கடவுள் வெட்டியது அல்ல. செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டு அப்படியே போட்டுப் போன பள்ளம். கரையில் கால் வைத்தால் அடுத்த காலுக்குத் தரை கிடையாது, அத்தனை செங்குத்து. அதில் மழைத் தண்ணீர் நின்று, பாசி பிடித்து, எங்கிருந்தோ மீனும் வந்து சேர்ந்துவிட்டது. செப்பாட் என்று மலாய்க்காரர்கள் சொல்லுகிற தட்டையான சின்ன மீன்தான் அதிகம். அடியில் விரால் இருந்தது.

செப்பாட் ஒரு சந்தேகப் பிராணி. இரையை வாயில் வைத்துப் பார்க்கும். நூலின் மறுமுனையில் ஏதோ பிடித்து இழுப்பதுபோல் தோன்றினால் துப்பிவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் நின்றுகொள்ளும். ஆகையால் எல்லாம் தக்கையில்தான் இருக்கிறது. பிராந்தி புட்டியின் தக்கையை அப்படியே போட்டால் அது தண்ணீர்மேல் தாசில்தார்போல் உட்கார்ந்திருக்கும், மீன் கொத்தினாலும் அசையாது. பப்பாளித் தண்டு நன்றாக நிற்கும், ஆனால் ஊறிப்போய்த் தானும் மீனோடு குடித்தனம் பண்ணப் போய்விடும். வாத்து இறகின் தண்டு அசைவுக்கு நல்லது. காற்றடித்தால் மட்டும் ஊருக்கெல்லாம் தலையாட்டும். கடைசியில் டொரத்தி பிராந்தித் தக்கையையே எடுத்து, அப்பாவின் சவரக் கத்தியால் மேலும் கீழும் சீவி, முள்ளங்கிபோல் ஆக்கிக்கொண்டாள். அது கழுத்தளவு தண்ணீரில் நின்றது. செப்பாட் இரையைத் தூக்கினால் தக்கை படுத்தது. விரால் இழுத்தால் முழுகியது. சவரக் கத்தி கெட்டுப்போனதற்கு வாலண்டைன் தம் தாடியைக் குறை சொன்னார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மத்தியான வெயிலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும். தக்கையை நூலில் இறுக்கிக் கட்டினால், ஆழத்துக்கு வேண்டிய நூல் தக்கைக்குக் கீழே தொங்க வேண்டும். அவள் மூங்கில் கழியோ குட்டை. அவ்வளவு நூலை வீசினால் தூண்டில் முள் பின்னாலிருக்கும் கொய்யா மரத்தில்தான் விழும். அந்த மரம் டொரத்தியிடம் நிறைய முள் வாங்கியிருந்தது. அதனால் அவள் குடைக்கம்பியைக் காய்ச்சித் தக்கையின் நடுவே துளை போட்டாள். நூல் துளைக்குள் தாராளமாக ஓடும்படி விட்டாள். வீசும்போது தக்கை கீழே ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் இறங்கும், நூல் தக்கைக்குள் ஓடும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் நூலின்மேல் தையல் நூலால் ஒரு முடிச்சு. முடிச்சு வந்து தக்கையில் தட்டினால் ஓட்டம் நின்றது. முடிச்சை ஏற்றினால் ஆழம், இறக்கினால் மேல்மட்டம். இதற்கு அவள் ஓடுதக்கை என்று பெயர் வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் முடிச்சு சின்னது, துளை பெரியது. முடிச்சும் துளைக்குள் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு மணி வேண்டும். பப்பாளி விதை வெடித்தது. சட்டைப் பொத்தான் நூலைத் திருகியது. பாசாரில் வாங்கிய கண்ணாடி மணியின் துளையே தக்கைத் துளையளவு இருந்தது. சரியான மணி, கெட்டியாக, உருண்டையாக, ஊசித் துளையோடு, புதுநன்மை வாங்கிய அன்று கோயிலில் அவளுக்குக் கொடுத்த ஜெபமாலையில் இருந்தது. அந்த மாலை எப்போதோ அறுந்து டப்பாவில் கிடந்தது. அறுந்த மாலையில் யாரும் செபிப்பதில்லை, தன் பொருள்தானே என்று ஒரு மணியை எடுத்தாள். அன்று மத்தியானம் சட்டி நிறைய மீன்.

குளத்தடியில் பழைய மரவேர் ஒன்று இருந்தது. விராலுக்குப் பல் இருந்தது. இரண்டில் ஏதாவது ஒன்று அடிக்கடி நூலை அறுத்தது. அறுந்தால் முள், ஈயம், தக்கை, மணி எல்லாம் போகும். ஈயத்துக்குக் குறைவில்லை, கூட்ஸ் வண்டிக் கதவில் குத்துகிற ஈய முத்திரையை அப்பா கொண்டுவருவார். தக்கைக்கும் குறைவில்லை, குவாட்டர்ஸில் பிராந்திக்குக் குறைவிருந்தால்தானே. மணிதான் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது.

இந்த நிலையில்தான் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வந்தது. அம்மா சவரியம்மாள் ஒரு நேர்ச்சை வைத்தாள்.

கிள்ளானில் சிரில் என்று ஒரு பையன். துறைமுகத்துக் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுக்கிற இடத்தில் வேலை. அப்பா இல்லை, அம்மா ரோசலினம்மாள் மட்டும். இந்தச் சம்பந்தம் கூடி வந்தால் போதும் என்று சவரியம்மாள் மாதாவிடம் பேசி முடித்திருந்தாள். தவசு காலம் நாற்பது நாளும் வீட்டில் கறி கிடையாது. தினமும் சாயங்காலம் முழு ஜெபமாலை. ஒரு மணி குறையக்கூடாது.

டொரத்தியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பாள். கிள்ளான் கோயில் திருவிழாவில் அவனைப் பார்த்திருக்கிறாள். தேரின் ஒரு கொம்பைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். பக்கத்துக் கொம்பைப் பிடித்தவன் கோயிலைச் சுற்றி வரும்வரை அவனிடம் பேசிக்கொண்டே வந்தான். சிரில் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உலகத்தில் இப்படியும் ஓர் ஆண்பிள்ளையா என்று டொரத்திக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. வேறு யாருக்காவது கட்டிக்கொடுத்தால் அந்த வீட்டில் வாயைத் திறக்க வேண்டிவரும் என்ற பயம் வேறு. ஆக, அம்மாவின் நேர்ச்சை பலிக்க வேண்டும் என்று அம்மாவைவிட அவளே அதிகம் ஆசைப்பட்டாள்.

நேர்ச்சையின் முதல் வாரம் வாலண்டைன் கருவாடு தின்றார். இரண்டாம் வாரம் பாசார் மீன். அது கிள்ளானிலிருந்து ரயிலில் வருவது.

“இந்த மீன் என்னைவிடக் களைச்சுப் போயிருக்கு” என்றார், தட்டைப் பார்த்து. “நாப்பது நாள் இப்படின்னா மாதா என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. டொரத்தி புடிக்கட்டும். குளத்து மீனுக்கு என்ன குறைச்சல்?”

டொரத்தியின் சொந்த மணி அந்த வாரத்தோடு தீர்ந்தது.

சவரியம்மாளின் ஜெபமாலை கருங்காலி மணி. வேளாங்கண்ணியில் வாங்கி, கல்யாணச் சீரோடு கப்பலேறி வந்தது. சங்கிலி இல்லை, நூலில் கோத்தது. வேர்வை பட்டு நூல் நைந்துபோனால் டொரத்தியிடம்தான் கொடுப்பாள். “உன் கை முடிச்சுத்தான் நிக்குது” என்பாள். அந்தத் தவசு காலத்தில், தினமும் முழு மாலை உருட்டியதில், நூல் சீக்கிரம் சீக்கிரம் நைந்தது. மாலை டொரத்தியிடம் வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு மணியோ இரண்டோ குறைவாகப் போயிற்று.

அவள் அதை யோசிக்காமல் செய்யவில்லை. கறி இல்லை என்பதும் நேர்ச்சை. கறி இல்லாததால் மீன். மீனுக்கு ஓடுதக்கை. தக்கைக்கு மணி. மணி நேர்ச்சையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வட்டமாகவே இருந்தது, ஜெபமாலைபோல. குளத்தடியில் கிடக்கிற மணிகள் தண்ணீருக்குள்ளும் மந்திரித்த மணிகள்தானே என்றும் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் குறைகிறதற்கு ஈடாக, தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும்போது தன்பாட்டில் சில ‘மரியே வாழ்க’ சொல்லி வைத்தாள். குளக்கரையில் அவளுக்கு வாய் வந்தது. தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாய் தன்னால் அசையும்.

வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சவரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மணி தள்ளுகிறவள். பத்துச் சின்ன மணி முடிந்தால் ஒரு பெரிய மணி வரும். பெரிய மணி விரலில் பட்டால் ‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ சொல்லி அடுத்த பத்துக்குப் போவாள். பெரிய மணி கொஞ்சம் முன்னதாக வரத் தொடங்கியது. முன்பெல்லாம் எட்டு மணிக் கூட்ஸ் வண்டி வீட்டை ஆட்டிக்கொண்டு போகும்போது நான்காம் பத்து நடக்கும். இப்போது வண்டி வரும்போது சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

“கூட்ஸ் லேட்டா வருது” என்றார் வாலண்டைன். ரயில்வேக்காரர் சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள்.

குருத்தோலைக்கு முந்தின ஞாயிறு ரோசலினம்மாளும் சிரிலும் கிள்ளானிலிருந்து வந்தார்கள்.

“தவசு காலத்துல நிச்சயம் பண்றதில்ல” என்றாள் ரோசலினம்மாள், செருப்பைக் கழற்றும்போதே. “பார்க்கிறதுல பாவமில்ல.”

“சாப்பிட்டுத்தான் போகணும் அக்கா” என்றாள் சவரியம்மாள்.

“பேச்சு முடியாத வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்ல. தண்ணி குடிப்போம்.”

தண்ணீர் குடித்தாள். சிரிலும் குடித்தான். பெண் வீட்டில் ஒருவாய் சோறு சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே அடுப்பில் வெந்த சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

“பொண்ணு பேசாதா?” என்றாள் ரோசலினம்மாள்.

“அளவாப் பேசும்” என்றார் வாலண்டைன்.

“இன்னும் அளக்கவே இல்லையே.”

சவரியம்மாள் பெண்ணால் முடியாததைப் பக்தியால் ஈடுகட்டலாம் என்று நினைத்தாள். “வண்டிக்கு நேரமிருக்கே அக்கா, எல்லாருமா ஒரு ஜெபமாலை சொல்லிட்டுப் போகலாமா? இந்தச் சம்பந்தத்துக்குத்தான் தினமும் நேர்ந்து சொல்லிட்டு வரேன்” என்றாள்.

ரோசலினம்மாள் முகம் முதல்முறையாக மலர்ந்தது. கைப்பையிலிருந்து தன் வெள்ளி ஜெபமாலையை எடுத்தாள். டொரத்தி எழுந்து அடுப்பங்கரைக்குப் போகப் பார்த்தாள். அம்மா முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சவரியம்மாள் முன்சொல்ல, மற்றவர்கள் பின்சொன்னார்கள். ஏழு ‘மரியே வாழ்க’ ஆயிற்று. சவரியம்மாளின் விரலில் பெரிய மணி பட்டது. “பிதாவுக்கும் சுதனுக்கும்” என்றாள்.

“மரியே வாழ்க” என்றாள் ரோசலினம்மாள்.

“பிதாவுக்கும்” என்றாள் சவரியம்மாள், வந்தவளுக்குக் காது மந்தமோ என்று கொஞ்சம் உரக்க.

“மரியே வாழ்க!” ரோசலினம்மாள் அதைவிட உரக்க.

வாலண்டைன் இருவரில் யாருக்குப் பதில் சொல்லுவது என்று தெரியாமல் “ஆமென்” என்றார். செபம் நின்றது.

ரோசலினம்மாள் இரண்டு ஜெபமாலையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சீலைக்கடையில் துணி அளப்பதுபோல நீட்டினாள். கருங்காலி மாலை ஒரு சாண் குறைந்திருந்தது.

“கல்யாணத்துக்கு வாங்கினது” என்றாள் சவரியம்மாள். “தேஞ்சிருக்கும் அக்கா.”

“ஓ! அதான் கூட்ஸ் லேட்டா வருதா” என்றார் வாலண்டைன், தமக்குள் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு.

எல்லாரும் டொரத்தியைப் பார்த்தார்கள். முடிச்சுப் போட்டது அவள்தான். அவள் எழுந்து உள்ளே போய், தூண்டில் சாமான் போட்டுவைத்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். ஒரு தக்கையை எடுத்தாள். அதன் தலையில், நூல் முடிச்சுக்குக் கீழே, ஒரு கருங்காலி மணி இருந்தது.

“இதுக்கு” என்றாள்.

ரோசலினம்மாள் தக்கையை வாங்கிப் பார்த்தாள். நூலை இழுத்தாள். ஓடியது. மணி வந்து தட்டியது. நின்றது. மறுபடி இழுத்தாள். சிரிலும் எட்டிப் பார்த்தான்.

“மத்த மணியெல்லாம் எங்க?”

“குளத்துல.”

சவரியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “நாப்பது நாள் நேர்ச்சை! மாதாவுக்கு அளவு குறைச்சுக் குடுத்திருக்கேனே!”

“மீன் நல்லாத்தான் இருந்திச்சு” என்றார் வாலண்டைன்.

ரோசலினம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். “அரைகுறை நேர்ச்சைமேல நான் சம்பந்தம் பேச மாட்டேன். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் குறைஞ்ச மணியாலதான்னு தோணும். எடுத்தவ ஈடு கட்டட்டும். முழு ஜெபமாலை. வாய்விட்டு. நான் எண்ணுறேன். முடிச்சா பேசலாம், இல்லன்னா அஞ்சு மணி வண்டிக்குப் போறோம்.”

டொரத்தி எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் துரை நின்ற இடத்தில் ரோசலினம்மாள் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். சிரில் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாயை மூடினால் அவன் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. திறந்தும் ஒன்றும் வரவில்லை.

“அவளுக்குக் குளத்தங்கரையிலதான் வாய் வரும் அக்கா” என்றார் வாலண்டைன்.

“சரி, அங்கயே சொல்லட்டும்.”

“தூண்டில் கையில இருந்தாத்தான் வரும்.”

ரோசலினம்மாள் குடையை எடுத்தாள்.

ஊர்வலமாகப் போனார்கள். முன்னால் கழியும் மண்புழு டின்னுமாக டொரத்தி, பின்னால் குடையும் வெள்ளி மாலையுமாக ரோசலினம்மாள், அப்புறம் அழுதுகொண்டு அம்மா, பேசிக்கொண்டு அப்பா, கடைசியில் சிரில். டொரத்தி வெயிலைப் பார்த்தாள், முடிச்சை ஏற்றினாள், வீசினாள். தக்கை விழுந்து, நூல் ஓடி, மணி தட்டி நின்றது. கழுத்தளவு தண்ணீரில் தக்கை நிமிர்ந்தது. அதையே பார்த்தாள். உதடு அசைந்தது.

அப்போதுதான் ரோசலினம்மாள் கேட்டாள். “நீ செபம் சொல்றியா, மீன் பிடிக்கிறியா?”

பதில் சொன்னால் செபம் அறுந்துவிடும். டொரத்தி குரலை மட்டும் உயர்த்தினாள். “கர்த்தர் உம்முடனே” என்று பாசிக்குமேல் தெளிவாக வந்தது. சவரியம்மாள் அழுகையை நிறுத்தினாள். மகள் இவ்வளவு சொல் சேர்ந்தாற்போல் சொல்லி அவள் கேட்டதில்லை. ரோசலினம்மாள் மணி தள்ளத் தொடங்கினாள்.

முதல் பத்து சரியாகப் போயிற்று. இரண்டாம் பத்தும் மூன்றாம் பத்தும் போயின. நான்காம் பத்தின் நடுவே தக்கை லேசாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. பிறகு, யாரோ கீழே கூப்பிட்டதுபோல், நேராக உள்ளே போனது.

டொரத்தியின் கை கழியில் இறுகியது. இழுக்கவில்லை. “அர்ச்சியசிஷ்ட மரியாயே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இழுத்தால் ஜெபமாலை அறும். விட்டால் கடைசி மணியும் போகும். கழி முனை வளைந்தது. நூல் வேரை நோக்கி நகர்ந்தது. வாலண்டைன் தம் கையைத் தாமே பிடித்துக்கொண்டார்.

“விரால்” என்றாள் ரோசலினம்மாள் மெதுவாக. அவளும் கிள்ளான் ஆற்றங்கரைக்காரி. அவளும் இந்தத் தவசு காலம் முழுக்கக் கருவாடு தின்றவள். “வேருக்குப் போவுதுடி.”

“…எங்கள் மரண நேரத்திலும்…”

“இழுடி! இழு! என்னடி பார்த்துக்கிட்டு நிக்கிற!”

“ஆமென்” என்று முடித்துவிட்டுத்தான் டொரத்தி இழுத்தாள்.

முழங்கை நீளம் இருந்தது. புல்லில் விழுந்து துள்ளியதில் எல்லார் மேலும் சேறு அடித்தது. தக்கையும் மணியும் நூலோடு பத்திரமாக வந்திருந்தன. டொரத்தி மீனைப் பார்க்கவில்லை. தக்கை இருந்த இடத்தைப் பார்த்தபடி, அடுத்த மணிக்காகக் காத்து நின்றாள்.

ரோசலினம்மாள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். வெள்ளி மாலை முழுவதும் சரிந்து உள்ளங்கையில் கிடந்தது. கத்தியபோது விரல் எந்த மணியை விட்டதென்று தெரியவில்லை.

“எத்தனையில நிக்குது?” என்றாள்.

வாலண்டைனுக்குத் தெரியவில்லை. சவரியம்மாள் கண்ணை மூடியிருந்தாள். டொரத்தி தக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எண்ணுவது அவள் வேலையில்லை.

“அப்ப முதல்லருந்துதான்” என்றாள் ரோசலினம்மாள். ஆனால் அந்தக் குரலில் பழைய பலம் இல்லை. “அஞ்சு மணி வண்டியும் இருக்கு. இதெல்லாம் ஒரு நேர்ச்சையா…”

டொரத்தி முடிச்சைச் சரிபார்த்து, முள்ளில் புதுப் புழு மாட்டினாள். முதலிலிருந்து என்றால் முதலிலிருந்து.

அப்போது சிரில் முன்னால் வந்தான். முழுக்கால் சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் குத்துக்காலிட்டான். ஒரு புல்தண்டைப் பிடுங்கி விராலின் செவுளுக்குள் விட்டு, வாய் வழியே எடுத்து முடிந்தான். எழுந்தான். அவன் அம்மா, “டேய், எங்கடா அதை எடுத்துக்கிட்டு?” என்று கேட்டாள். சவரியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

சிரில் மீனைத் தொங்கவிட்டுக்கொண்டு, கொய்யா மரத்தைச் சுற்றி, சோறு வெந்து இறக்கியிருந்த வீட்டின் அடுப்பங்கரைப் பக்கமாக நடந்து போனான்.